கிழக்குச் சுவருக்குள் இருந்த சப்பாத்து

எழுதிப் பழக்கமில்லாத கை இது. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடிதம் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. காலைக் குளிசை போட்டேனா இல்லையா என்று பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் அறிந்துகொள்கிறேன். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாகச் சொல்லிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மூத்தோர் ஒன்றுகூடலில், இந்த வருட மலருக்கு ஒவ்வொருவரும் தாங்கள் செய்த வேலையைப் பற்றி எழுதவேண்டும் என்றார்கள். டாக்குத்தர் இருக்கிறார், எஞ்சினியர்மார் இருக்கிறார்கள், ரெயில்வேயில் பெரிய பதவியில் இருந்தவர் இருக்கிறார். என்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்துப் பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். தலைவர் விடவில்லை.

“பாக்கியம் அக்கா, நீங்களும்தான். ஜெர்மன்காரருக்கு மண் குழைச்சுக் குடுத்தனீங்களாமே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. பதினாறு வருடம் நான் செய்த வேலை அதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள், எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பலகை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்தபோது எனக்கு நாற்பது கடந்துவிட்டது. மகன் ரமணன் பள்ளிக்கூடம். முதலில் கோழி வெட்டும் தொழிற்சாலை. குளிரில் விரல்கள் மரத்துப்போனதால் அதை விட்டு, கட்டடம் திருத்தும் ஒரு சிறு கம்பனியில் துப்புரவு வேலைக்குப் போனேன். அவர்கள் சாதாரண வீடு கட்டுகிறவர்கள் இல்லை. நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஜெர்மன் தேசத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள் இங்கே கட்டிய வீடுகளைத் திருத்துகிறவர்கள். முதலாளியின் பெயர் கார்ல். அவருடைய தகப்பனும் அங்கேயிருந்து வந்த தச்சர்தான்.

அந்த வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர்கள் பாஷையில் ஒரு பெயர் உண்டு, என் வாயில் அது ஒருநாளும் சரியாக வந்ததில்லை. நான் மரக்கட்டு வீடு என்பேன். முதலில் தடித்த மரங்களால் வீட்டின் கூட்டை மட்டும் கட்டி நிறுத்துவார்கள். நிலத்தோடு படுத்திருக்கும் அடிச்சட்டம், அதன்மேல் நிற்கும் கால்கள், குறுக்குச் சட்டங்கள், மூலைகளில் சாய்ந்து தாங்கும் மரங்கள். ஆணி கிடையாது. மரத்துக்குள் மரம் நுழைந்து, மர முளை அடித்து இறுக்கியிருக்கும். சட்டங்களுக்கு நடுவே பெட்டி பெட்டியாக வெறும் இடம் இருக்கும். அந்தப் பெட்டிகளைக் கம்பும் மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். மரம் கறுப்பாகவும் சுவர் வெள்ளையாகவும் வெளியே தெரியும். தங்கள் ஊரில் ஓக் மரத்தில் கட்டியவர்கள் இங்கே வந்து யூக்கலிப்டஸ் மரத்தில் கட்டினார்கள். கூரைக்கு வைக்கோல் போட்டவர்கள் பிறகு தகரம் போட்டார்கள். “மரம் மாறினது, கை மாறேல்லை” என்று கார்ல் சொல்லுவார். அவர் இங்கிலீஷில் சொன்னதை எல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், எனக்கு அது மனதில் அப்படித்தான் இருக்கிறது.

மகன் கிளென் வேவர்லியில் வீடு வாங்கியபோது, தெருக்கோடியில் ஒரு வீட்டு முகப்பில் கறுப்புப் பலகைகள் குறுக்கும் நெடுக்குமாக அடித்திருந்ததைக் காட்டி, “அம்மா, உங்கட வீடு மாதிரி” என்றான். நான் கிட்டப் போய் விரலால் தட்டிப் பார்த்தேன். செங்கட்டிச் சுவரின்மேல் அரை அங்குலப் பலகை ஒட்டியிருந்தது. “இது சட்டை, தம்பி. எலும்பு இல்லை” என்றேன். வேலையைப் பற்றி அவனுக்கு நான் சொன்ன பெரிய விளக்கம் அவ்வளவுதான்.

துப்புரவுக்காரி மண் வேலைக்கு வந்தது எப்படி என்றால், ஒரு நாள் டேவ் என்ற தச்சன் தொட்டிக்குள் மண் கலக்கிக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரன், பெரிய உருவம், நல்ல பகிடிக்காரன். அவன் பூசிய பெட்டி மூன்று தரம் வெடித்துவிட்டது. நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்கப் போனபோது நின்று பார்த்துவிட்டேன். கார்ல் கவனித்துவிட்டார்.

“மிஸிஸ் பாக்கியம், என்ன பார்க்கிறியள்?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “தண்ணி கூடிப்போச்சு” என்றேன்.

“கேட்டியா டேவ்? தண்ணி கூடிப்போச்சாம்.”

“அப்ப அவவையே கலக்கச் சொல்லுங்கோ, பாஸ். நான் கோப்பை கழுவுறன்” என்றான் டேவ்.

பகிடிக்குச் சொன்னான். அடுத்த திங்கட்கிழமை எனக்கு இரும்பு முனை வைத்த பூட்ஸும் நீளக் காற்சட்டையும் வந்தன. அதன் பிறகு எத்தனையோ வீடு.

கார்லின் கீழ் வேலை செய்வது ஒரு தனி விதம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பழைய வீட்டுக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றுவார், ஆள் இல்லாத வீடாக இருந்தாலும். ஒரு பெட்டியைத் திறப்பதற்கு அவர் வைத்திருந்த முறை இது. முதலில் சோக்கட்டியால் இலக்கம் போடவேண்டும். கிழக்குச் சுவர் என்றால் ‘ஈஸ்ட்’ என்பதன் ‘ஈ’, அதில் ஏழாவது பெட்டி என்றால் ‘ஈ ஏழு’. பிறகு படம் எடுப்பது. பிறகு விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக் கேட்பது. நல்ல மண் என்றால் சத்தம் அடங்கி வரும். ஈரம் குடித்துப் பழுதான மண் என்றால் பொத்தென்று இருக்கும். பழுதானதை மட்டும்தான் திறக்கலாம். சுகமாக இருக்கிற சுவரில் கை வைக்கக்கூடாது, அது அவருடைய வேதம். சுத்தியல் கூடாது. ஈரத்துணியை ஒற்றி ஊறவைத்து, சின்ன வாளால் மேல் விளிம்பில் அறுத்து, கையால் கட்டி கட்டியாக எடுக்கவேண்டும். அந்த மண்ணையும் எறிவதில்லை. பழைய குளிப்புத் தொட்டிகளில் ஊறப்போட்டு, கல் பொறுக்கி, புது வைக்கோல் போட்டு அதே சுவருக்கே திருப்பிக் கொடுப்போம். கூரான கம்புகளில் வைக்கோல் மண்ணைச் சுற்றி, கையில் சோறு பிசைந்து உருட்டினது போல் உருட்டி, மரத்தில் வெட்டிய பள்ளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி நெருக்கவேண்டும். காய வாரக்கணக்காகும்.

இன்னொன்றும் இருந்தது. சுவருக்குள்ளிருந்து மண்ணைத் தவிர எது வந்தாலும், அது எலி எலும்பாக இருந்தாலும், ஒரு தகரத் தட்டில் வைத்துப் பெட்டி இலக்கத்தோடு மேசைக்குக் கொண்டுவரவேண்டும். பின்னேரத் தேத்தண்ணிக்கு எல்லோரும் இருக்கும்போது கார்ல் ஒவ்வொருவராகக் கேட்பார், “இண்டைக்கு உங்கட கை என்ன கண்டது?” நாங்கள் சொல்லச் சொல்ல ஒரு தடித்த கொப்பியில் எழுதுவார். பொத்தான், வால்நட் கோது, சிலேட்டுத் துண்டு. ஒன்றும் இல்லை என்றால் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுவார். அவர் பார்க்காமல் எதுவும் குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது.

நான் அந்த விதியை ஒரே ஒரு தரம் மீறினேன்.

மெல்பேர்ணிலிருந்து ஒன்றேகால் மணி நேர ஓட்டத்தில், ஜெர்மன்காரர் பால்பண்ணை வைத்திருந்த பகுதியில் ஒரு சிறிய வீடு. எர்னா என்ற அம்மாவின் குடும்ப வீடு. அவவுக்கு எண்பத்துநான்கு வயது, பிள்ளைகள் இல்லை. வீட்டை ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தான் உயிரோடு இருக்கும்போதே திருத்திப் பார்க்கவேண்டும் என்று கார்லைக் கேட்டிருந்தா. யாரோ முன்பு சுவருக்குச் சீமெந்து பூசி வைத்ததால் மழைத்தண்ணீர் உள்ளே நின்று கிழக்குப் பக்கம் உளுத்துவிட்டது. கார்ல், டேவ், யோகன், நான், நான்கு பேரும் வேலைக்குப் போனோம். யோகன் எங்கள் பக்கத்துப் பிள்ளை. அப்போது நாற்பது வயதிருக்கும், தச்சுவேலை. காலையில் என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றிப் போய்ப் பின்னேரம் கொண்டுவந்து விடுவார்.

வியாழக்கிழமைகளில் எர்னா அம்மா வருவா. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துவரை பொத்தான். கேக் ஒன்று கொண்டுவருவா, மேலே வெண்ணெயும் சீனியும் சேர்ந்து மணல்போல் உதிரும். இங்கே மிளகு மரம் என்று சொல்லும் ஒரு பெரிய மரத்தடியில் மடக்குக் கதிரை போட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பா. அவவும் அதிகம் பேசமாட்டா, நானும் பேசமாட்டேன். அதனாலேயே எங்களுக்குள் ஒரு பிடிப்பு. ஒருநாள் என் கிட்ட வந்து நின்று, “என்னுடைய அம்மாவும் இப்பிடித்தான் விரலை மடக்கி அமத்துவா” என்றா. நான் இன்னும் இரண்டு கம்பு உருட்டிக் காட்டினேன்.

கிழக்குச் சுவரில் பதினொரு பெட்டி. ஏழு பழுது, நான்கு சுகம். ஏழில் கடைசியாக, ஒரு செவ்வாய்க்கிழமை, ‘ஈ ஏழு’ திறந்தேன். வாசலுக்குப் பக்கத்துப் பெட்டி. மேல் மூலையில் ஒரு கம்பு குறைத்து, வேண்டுமென்றே ஒரு பொந்து விட்டிருந்தார்கள். கையை விட்டேன். சப்பாத்து ஒன்று வந்தது.

குழந்தைச் சப்பாத்து. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை என் கை நீளம். தோல் கறுத்துக் கருவாடுபோல் விறைத்திருந்தது. உள்ளே வைக்கோல் அடைந்திருந்தது. குதி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருந்தது. பெருவிரல் பக்கத்தில் கிழிந்து, தடித்த நூலால் ஐந்தாறு தையல் போட்டிருந்தது.

எனக்கு உடம்பு கூசியது. நீங்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள், உங்களுக்கு விளங்கும். செருப்பை வீட்டு வாசலுக்குள்ளேயே கொண்டுவராத சனம் நாங்கள். அதைக் கொண்டுபோய் வாசல் பக்கத்துச் சுவருக்குள், மூலை பார்த்து, ஒளித்து வைப்பதென்றால்? யாரோ ஆகாதவன் செய்த வேலை, செய்வினை என்றுதான் என் புத்தி போனது. அந்த அம்மா தனிக்கட்டையாக இருக்கிறாவே, பிள்ளை இல்லையே, இதுதானோ காரணம் என்று நினைத்தேன். தட்டில் வைக்கவேண்டும் என்பது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தட்டு மேசைக்குப் போகும். அந்த மேசையில்தான் அவவுடைய கேக்கை வைத்துச் சாப்பிடுகிறோம். வியாழக்கிழமை வந்து அவ இதைக் கண்டால் மனம் என்ன பாடுபடும்?

பக்கத்தில் அடிச்சட்டம் செதுக்கிக்கொண்டிருந்த யோகன் திரும்பினார்.

“என்ன அன்ரி உது?”

“சப்பாத்து, தம்பி. சுவருக்குள்ள.”

“சிவசிவா! வீட்டுச் சுவருக்குள்ளயோ? எறியுங்கோ உதை. கையைக் கழுவுங்கோ முதல்ல.”

ஒரு பழைய கடதாசியில் சுற்றிச் சீமெந்து உடைசல் போடும் பெரிய இரும்புத் தொட்டிக்குள் போட்டேன். கை கழுவினேன். பொந்தில் தண்ணீர் தெளித்தேன். கைப்பையில் இருந்த திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து அந்த மூலையில் வைத்தேன். பின்னேரம் கார்ல், “கை என்ன கண்டது?” என்று கேட்டபோது, “ஒண்டும் இல்லை” என்றேன். பொய் சொன்னதாகக்கூட எனக்குப் படவில்லை. ஒரு நல்ல காரியத்தைச் சத்தமில்லாமல் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். புதன்கிழமை லொறி வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனது.

வியாழக்கிழமை எர்னா அம்மா வந்தா. அன்றைக்குக் கதிரையில் இருக்கவில்லை. நேரே கிழக்குச் சுவருக்குப் போனா. ஏழு பெட்டியும் வெறுமையாக, மரக்கூட்டுக்கு நடுவே அந்தப் பக்கத்துப் புல்வெளி தெரிந்தது. வாசல் பக்கத்துப் பெட்டியின் மேல் மூலையில் கையை வைத்துத் தடவிப் பார்த்தா. பிறகு கார்லைக் கூப்பிட்டா. நாங்கள் எல்லோரும் பக்கத்தில்தான் நின்றோம்.

“இதுக்குள்ள ஒரு சப்பாத்து இருந்திருக்கவேணும்” என்றா.

அவவுடைய தாயின் மூத்த சகோதரன், வில்லியோ வில்ஹெல்மோ, இந்தத் தேசத்தில் அந்தக் குடும்பத்துக்குப் பிறந்த முதல் பிள்ளை. பிறவியிலேயே ஒரு கால் சாய்ந்து நடக்கும். வீடு கட்டிக்கொண்டிருக்கும்போது காய்ச்சல் வந்து ஐந்து வயதில் இறந்துவிட்டது. ஒரு சப்பாத்தைப் பிள்ளையோடு புதைத்தார்கள். மற்றதைத் தகப்பன் காலை வெயில் படும் சுவருக்குள் வைத்துக் கட்டினார். அது அவர்கள் ஊர் வழக்கமாம், வீட்டைக் காக்கும் என்று. பிள்ளையின் மரச் சிலுவை பிறகு காட்டுத்தீயில் போய்விட்டது. படம் இல்லை. எங்கே புதைத்தது என்றும் இப்போது தெரியாது. “தகப்பன் கடைசியாய்ப் பெருவிரல் கிழிசலைத் தைச்சுக் குடுத்தவராம். அந்தத் தையல் எங்கட அம்மா சின்னனில கேட்ட கதை” என்றா.

“ஏன் எர்னா முதலே சொல்லேல்லை?” என்று கார்ல் கேட்டார்.

“சுவருக்குள்ள வைச்சதைப் பற்றிக் கதைக்கக்கூடாது எண்டு அம்மா சொல்லுவா. கதைச்சால் அது போயிடுமாம். நீங்கள் எப்பிடியும் கண்டு தட்டில வைப்பியள் எண்டு நினைச்சன்.”

கார்ல் எங்கள் பக்கம் திரும்பினார். சத்தம் உயரவில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டார்.

“டேவ், உன்ர கை என்ன கண்டது?”

“எலிக்கூடு ஒண்டு, பாஸ். கொப்பியில இருக்கு.”

“யோகன்?”

“இல்லை.” யோகன் நிலத்தைப் பார்த்தார்.

“மிஸிஸ் பாக்கியம்?”

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. சொல்ல வேண்டிய இங்கிலீஷ் சொற்கள் எனக்குத் தெரியும். கண்டேன், எறிந்துவிட்டேன். இரண்டு சொல். “இல்லை” என்றேன்.

வானில் வரும்போது யோகனிடம் சொன்னேன், “தம்பி, வானைத் திருப்புங்கோ. நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்.”

“உங்களுக்கு விசரே அன்ரி? தொட்டி நேற்றே போயிட்டுது. இப்ப சொல்லி ஆருக்கு என்ன லாபம்? அந்த மனிசிக்கு இன்னும் துக்கம், எங்களுக்கு வேலை போகும்.”

“கார்ல் அப்பிடி ஆள் இல்லை.”

“அப்ப ஏன் அங்க வச்சுச் சொல்லேல்லை?”

யோகனை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அப்போது மூன்று சின்னப் பிள்ளைகள். வாய் என்னுடையது. வெட்கம் என்று நான் இவ்வளவு காலமும் சொல்லி வந்தது அன்றைக்கு வெட்கம் இல்லை, பயம். அன்றைக்கே சொல்லியிருந்தால் கார்ல் அந்தக் குப்பை கொட்டுகிற இடத்துக்குத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய், கையால் கிளறித் தேடியிருப்பார். ஒரே ஒரு நாள்தான் கடந்திருந்தது. கிடைத்திருக்கவும் கூடும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

கார்ல் மூன்று நாள் யோசித்தார். திங்கட்கிழமை காலை, கிழக்குச் சுவரில் மீதியிருந்த நான்கு பெட்டிகளுக்கும் சோக்கட்டியால் இலக்கம் போட்டார். நான்கும் சுகமானவை. தட்டினால் கல்போல் இருந்தன. டேவ் பார்த்துவிட்டுச் சொன்னான், “பாஸ், சுகமான சுவரில கை வைக்கக்கூடாது எண்டு எனக்கு இருபது வருசமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறியள்.”

“தெரியும்” என்றார் கார்ல். “அவவுக்கு எண்பத்துநாலு வயசு.”

மண் வேலை என்னுடையது. ஆகவே திறக்கவேண்டியவளும் நான்தான். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்த கையால் ஈரத்துணி ஒற்றினேன், வாளால் அறுத்தேன். ‘ஈ ஒன்பது’ திறக்க மேல் சுண்ணாம்பை உரித்தபோது, அடியில் மண்ணில் விரலால் இழுத்த கோடுகள் தெரிந்தன. சுண்ணாம்பு பிடிப்பதற்காக அப்படி ஈர மண்ணில் கீறிவிடுவார்கள், நாங்களும் செய்வோம். ஆனால் அந்தப் பெட்டியில் பெரிய விரல்களின் கோட்டுக்குக் கீழே, என் இடுப்புக்கும் கீழான உயரத்தில், சின்ன விரல்களின் கோடுகள் இருந்தன. நாலே நாலு. கோணலாக, பாதியில் நின்றிருந்தன.

யாருடைய விரல் என்று நான் எப்படிச் சொல்ல? வேறு பிள்ளைகளும் அந்த ஊரில் இருந்திருப்பார்கள். கார்ல் முழங்காலில் இருந்து வெகு நேரம் பார்த்தார். படம் எடுத்தார். அந்தத் துண்டை மட்டும் முழுசாக அறுத்து எடுக்கச் சொன்னார். நானும் அவருமாக நான்கு கையால் தாங்கி எடுத்தோம். வெளியே வந்ததும் நடுவில் வெடித்து உதிர்ந்துவிட்டது. அத்தனை வருடம் நின்ற மண், என் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மாவாகப் போனது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு பெட்டி மிச்சம் இருந்தது. சொல்லவில்லை. அவற்றையும் திறந்தேன்.

நான்கிலும் ஒன்றும் இல்லை. கார்ல் அன்றைக்குத் தும்புத்தடியை என் கையிலிருந்து வாங்கித் தானே கூட்டினார். “இது என்ர பிழை. வேற ஒருத்தரும் மனசில வைக்கவேண்டாம். எர்னாவுக்கு நான் சொல்லுறன்” என்றார். பிழை செய்தவள் பக்கத்தில் குப்பை அள்ளும் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எர்னா அம்மா பிறகு ஒரே ஒரு வியாழக்கிழமைதான் வந்தா, சுவர் எல்லாம் பூசி வெள்ளை அடித்து முடிந்தபோது. கேக்கும் கொண்டுவந்தா. என்னிடம் ஒரு துண்டை நீட்டி, “அது அம்மா சும்மா சொன்ன கதைபோல. பிள்ளையைப் பறிகுடுத்த வீட்டில ஏதாவது சொல்லத்தானே வேணும்” என்றா. பிறகு என் கையைப் பிடித்தா. “நீ கவலைப்படாதை. நீ எவ்வளவு கவனமாய்த் தேடினாய் எண்டு கார்ல் சொன்னவர்.”

அந்தக் கேக்கை விழுங்கினேன். அடுத்த மாரிகாலத்துக்கு அவ இல்லை. செத்த வீட்டுக்குக் கார்லோடு நாங்கள் எல்லோரும் போனோம். நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன்.

கார்லுக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை. அவருடைய கை நடுங்கத் தொடங்கி, வேலையை விட்டார். நானும் முழங்கால் வலியால் நின்றேன். அவரை இரண்டு மூன்று தரம் போய்ப் பார்த்தேன். சொல்லத்தான் போனேன். ஒவ்வொரு தரமும் இட்டலியோ வடையோ கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் காலமாகி இரண்டு வருடம். கொப்பிகள் எல்லாம் மகளிடம் இருக்கின்றன என்று கேள்வி.

போன மாதம் யோகன் வந்தார். இப்போது அவரே சொந்தமாகக் கம்பனி நடத்துகிறார், தலையும் நரைத்துவிட்டது. “அன்ரி, எர்னா வீட்டை ஞாயிற்றுக்கிழமையில சனம் பார்க்கத் திறந்துவிட்டிருக்கினம். வாறியளே?” என்று கூட்டிப் போனார். சுவர் ஒரு வெடிப்பு இல்லாமல் நின்றது. கிழக்குப் பக்கம் வாசலருகே கண்ணாடி போட்ட பலகை ஒன்று வைத்திருந்தார்கள். என்னால் முழுதாக வாசிக்க முடியவில்லை. யோகனை வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நிறுத்திவிட்டார்.

“வாசியுங்கோ” என்றேன்.

“இறந்த பிள்ளையின்ர சப்பாத்து இந்தச் சுவருக்குள்ள இருக்கு எண்டு குடும்பத்தில ஒரு கதை இருந்ததாம். சுவர் முழுக்கத் திறந்து பார்த்தும் ஒண்டும் கிடைக்கேல்லையாம். குடியேறி வந்த சனம் ஊரிலயிருந்து கொண்டுவாற கட்டுக்கதையள்ள இதுவும் ஒண்டு எண்டு போட்டிருக்கு.”

பக்கத்தில் நின்ற இளம் சோடி ஒன்று அதை வாசித்துச் சிரித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனது. கெட்ட சிரிப்பு இல்லை. கதை என்றால் சிரிக்கத்தானே செய்வார்கள்.

“விடுங்கோ அன்ரி. ஒரு போர்ட்தானே” என்றார் யோகன்.

“பொய் சொன்னது நான். கதை கட்டின பேர் அந்தக் குடும்பத்துக்கு.”

வானுக்கு வந்த பிறகு யோகன், “எழுதுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ” என்றார். அதனால்தான் போட்டிருக்கிறேன்.

மலரை வாசிக்கிறவர்களில் இங்கிலீஷ் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். யாராவது அந்த வீட்டைப் பராமரிக்கிறவர்களுக்கு எனக்காக ஒரு கடிதம் எழுதவேண்டும். கதை இல்லை, சப்பாத்து இருந்தது, வாசலுக்குப் பக்கத்துப் பெட்டியில், மேல் மூலையில், குதி சாய்ந்து, பெருவிரல் பக்கம் தைத்து இருந்தது என்று எழுதுங்கள். எறிந்தவள் பெயரையும் மறைக்கவேண்டாம். அதற்கு முன் சில விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், என் ஞாபகத்தை மட்டும் நம்பவேண்டாம். ‘ஈ ஏழு’ தானா என்று கார்லின் மகளிடம் உள்ள கொப்பியில் பார்க்கலாம். அந்த இலக்கத்துக்கு நேரே ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருக்கும். அது நான் சொல்லி அவர் எழுதியது. வலது காலா இடது காலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. பிள்ளையின் பெயர் வில்லியா வில்ஹெல்மா என்பதை எர்னா அம்மாவின் தேவாலயத்தில் கேட்டால் பழைய புத்தகத்தில் இருக்கக்கூடும். அந்தப் பெயரை மட்டும் பிழையில்லாமல் எழுதுங்கள்.